மாசி மகமும் ஒரு ஆள் டெண்டும்: போன வருஷத் தப்புக்கு ஒரு விளக்கம்

 

மாசி மகத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு, பால்குடம் உண்டா, சின்னப் பிள்ளைங்கள அழைச்சிட்டு வரலாமா என்று நிறைய பேர் கேட்டு மெசேஜ் போட்டிருக்கீங்க. அந்த விவரமெல்லாம் தனியா வரும். இந்தப் பதிவு வேறொரு விஷயத்துக்கு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. குறிப்பா ஆண்கள் படிங்க.

போன வருஷம் கடற்கரையில் உடை மாத்துறதுக்கு நாங்க ஒரு டெண்ட் வச்சிருந்தோம். ஒரு ஆள் மட்டும் உள்ளே போய் நிற்கிற சின்ன டெண்ட். அதில் ஒரு தப்பு நடந்துச்சு. யாரும் எங்ககிட்ட புகார் சொல்லல. ஆனா நடந்தது நடந்ததுதான். கோயில் தொண்டுக்கு என்று கையை நீட்டி உங்ககிட்ட காசு வாங்கினவங்க நாங்க. கணக்கு மட்டும் சொல்லிட்டுத் தப்பை மறைக்கிறது சரியில்ல. அதனால முழுசா எழுதுறோம்.

ஆயர் தாவார் என்றாலே உப்பில்லாத தண்ணி என்றுதான் அர்த்தம். நல்ல தண்ணி ஊர்க்காரங்க நாம. வருஷத்தில் ஒரு நாள் உப்புத் தண்ணியைத் தேடிப் போறோம். சித்தியவான் தாண்டி, லுமுட் பக்கம், தெலுக் பாதிக் கடற்கரைக்கு. படகேறி பங்கோர் தீவுக்குப் போய், அங்கே பத்திரகாளியம்மன் சன்னதியில் மாசி மகம் பார்க்கிற குடும்பங்களும் நம்ம ஊரில் உண்டு. நம்ம குழு மட்டும் பல வருஷமா கரையிலேயே பூசையை வச்சுக்குது. அம்மனைக் கொண்டு போய், தீர்த்தம் ஆடி, பொழுது ஏறுறதுக்குள்ள திரும்பிடுவோம்.

கும்பகோணத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம் நடக்கிறது எல்லாருக்கும் தெரியும். 2016-இல் நடந்துச்சு, அடுத்தது 2028-இல். அங்கே குளம், நமக்கு இங்கே கடல். எங்கே குளிச்சாலும் ஒரு சிரமம் மட்டும் பொது. தண்ணிக்குள்ள இறங்குறது சுலபம். நனைஞ்ச சேலையோட வெளியே வந்த பிறகு என்ன பண்றது?

ஆம்பளைங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல. துண்டைக் கட்டினோமா, வேட்டியை மாத்தினோமா, முடிஞ்சுச்சு. பெண்களுக்கு அப்படியில்ல. கழிப்பறைப் பக்கம் போனா வரிசை. பஸ்ஸுக்குள்ள போனா சீட்டெல்லாம் ஈரம். பல வருஷமா நம்ம பெண்கள் செஞ்சது ஒன்னுதான். நாலு பேர் சேலையை விரிச்சு சுத்திப் பிடிச்சுக்குவாங்க, நடுவுல ஒருத்தர் மாத்திக்குவாங்க. மாத்தினவங்க வந்து சேலையைப் பிடிப்பாங்க, பிடிச்சவங்க உள்ளே போவாங்க. காத்து அடிக்காத வரைக்கும் சரி.

ஒரு வருஷம் காத்து அடிச்சுச்சு.

அன்னைக்கு உள்ளே நின்னது நம்ம கோயில் பாட்டி ஒருத்தர். பேர் வேணாம், உங்களுக்கெல்லாம் தெரிஞ்சவங்கதான். எஸ்டேட்டில் பால்மரம் சீவினவங்க. லயத்தை விட்டு வந்து தாமானில் குடியேறி ரொம்ப காலம் ஆச்சு. வெள்ளிக்கிழமை பூ கட்ட முதல் ஆளா வந்து உட்காருவாங்க. சேலை கையை விட்டுப் பறந்ததும் பிடிச்சிருந்த பொண்ணுங்க பதறிப் போனாங்க. பாட்டி சிரிச்சிட்டு, “போனா போகுது, கிழவியை யாரு பாக்கப் போறா”ன்னாங்க. நாங்களும் அதோட மறந்துட்டோம்.

அதுக்குப் பிறகு மூனு வருஷம் பாட்டி வந்தாங்க. பஸ் ஏறினாங்க, பூசையில் நின்னாங்க. கடலில் மட்டும் இறங்கல. ஒரு செம்பில் தண்ணி எடுத்து வரச் சொல்லித் தலையில் தெளிச்சுக்குவாங்க. முட்டி வலி போல என்று நாங்களே ஒரு காரணம் முடிவு பண்ணிக்கிட்டோம். ஒருத்தரும் கேட்கல.

இப்போ டெண்ட் விஷயம். போன வருஷம் கூட்டத்தில் பெண்கள் தரப்பில் இந்தப் பேச்சு வந்தப்போ, ஒரு ஐயா சொன்னார், “எங்க அம்மாவெல்லாம் லயத்துல பொது பைப்படியில மாரளவு கைலி கட்டித்தான் குளிச்சாங்க. அப்பல்லாம் டெண்டா இருந்துச்சு?” அவர் தப்பா சொல்லல, நடந்ததைத்தான் சொன்னார். ஆனா மூலையில் பூ கட்டிட்டு இருந்த பாட்டி தலை நிமிராம ஒரு வார்த்தை சொன்னாங்க. “அப்ப வேற வழி இல்லய்யா.” அதோட பேச்சு முடிஞ்சுச்சு. டெண்ட் வாங்குறது என்று முடிவாச்சு.

வாங்கினது யார்? நாங்க. அதாவது சாமான் தூக்குற, லோரி ஏத்துற ஆம்பளைங்க நாலு பேர். எதைப் பார்த்து வாங்கினோம்? விலை குறைவா இருக்கணும். எடை குறைவா இருக்கணும். மடிச்சா சின்னதா ஆகணும். ஆன்லைனில் தேடி, 59 வெள்ளிக்கு ஒன்னு வாங்கினோம். வட்டமான பையில் வந்துச்சு. பையைத் திறந்தாலே ஸ்பிரிங் கம்பி விரிஞ்சு தானா எழுந்து நிக்குது. வெளிர் நீல நிறம், பார்க்க அழகா இருந்துச்சு. கோயில் வாசலில் பட்டப்பகலில் ஒருமுறை விரிச்சுப் பார்த்தோம். எல்லாருக்கும் சந்தோஷம். மடிக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு, அது வேற கதை.

மாசி மகத்தன்னைக்கு நாங்க கடற்கரை போய்ச் சேர்ந்தப்போ விடியக் காலை ஆறு மணி கூட ஆகல. நம்ம நாட்டில் அந்த மாசத்தில் ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும், உங்களுக்கே தெரியும். டெண்டுக்குள்ள இருட்டா இருக்கே, பெண்களுக்குச் சிரமமாச்சே என்று எங்களில் ஒருத்தர் நல்ல மனசோட ஒரு சார்ஜ் விளக்கை உள்ளே தொங்க விட்டார்.

வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம், நடுவுல மெல்லிசான துணி. என்ன ஆகியிருக்கும் என்று நாங்க சொல்ல வேண்டியதில்ல. கோயில் திருவிழாவில் திரைக்குப் பின்னாடி விளக்கு வச்சா எப்படி நிழல் தெரியுமோ, அப்படித்தான்.

நாங்க பூசைச் சாமான் இறக்கிட்டு இருந்தோம், கவனிக்கல. செருப்புக்குக் காவல் இருந்த படிவம் நான்கு படிக்கிற நம்ம பொண்ணு ஒருத்திதான் பார்த்துட்டு ஓடி வந்து விளக்கை அணைச்சா. பிறகு டெண்டு வாசலில் நின்னுக்கிட்டு, “அக்கா, இருட்டுலயே மாத்துங்க, நான் வெளிய நிக்கிறேன்”ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னா. அவ சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அதுக்குள்ள எத்தனை பேர் உள்ளே போய் வந்தாங்களோ. அவங்க எல்லார்கிட்டயும், பேர் சொல்லாம, இங்கே நாங்க மன்னிப்பு கேட்டுக்கிறோம். விளக்கு வச்ச அண்ணன் மேல தப்பில்ல. சோதிச்சுப் பார்க்காம வாங்கின எங்க எல்லார் மேலயும்தான் தப்பு.

இன்னொன்னும் சொல்லணும். அன்னைக்கு அந்த வரிசையில் பாட்டியும் நின்னிருந்தாங்க. கையில் மாத்துத் துணிப் பையோட. மூனு வருஷத்துக்குப் பிறகு இறங்கலாம் என்று வந்திருக்காங்க. முன்னாடி போனவங்க நிழல் துணியில் தெரிஞ்சதைப் பார்த்துட்டு, சத்தமில்லாம வரிசையை விட்டு நகர்ந்து போய் மணலில் உட்கார்ந்துட்டாங்க. இதை அந்தப் பொண்ணு எங்ககிட்ட சொன்னது தீபாவளிக்குப் பிறகுதான். முட்டி வலி என்று நாங்க நினைச்சதெல்லாம் எங்க கற்பனை.

அதுக்கப்புறம் புது டெண்ட் தேட ஆரம்பிச்சோம். இந்த முறை யாரைக் கேட்கலாம் என்று யோசிச்சப்போ, நம்ம பக்தர் ஒருத்தரோட மகன் ஞாபகம் வந்தார். கனடாவில் டொரோண்டோ பக்கம் வேலை பார்க்கிறார். அங்கே குளிர்காலத்தில் ஏரியே உறைஞ்சு போகும். சிம்கோ ஏரி என்று டொரோண்டோவுக்கு வடக்கே இருக்கு. அது மேல நடந்து போய், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, அதுல தூண்டில் விட்டு மீன் பிடிப்பாங்களாம். குளிரும் காத்தும் தாங்காது என்று ஒரு ஆளுக்கு ஒரு சின்னக் கூடாரம் எடுத்துட்டுப் போவாங்க. இவரும் அப்படி ஒன்னு வாங்கி வச்சிருக்கார். வீடியோ கால் போட்டுக் காட்டினார்.

பூத்தூவ மாட்டாத குறையா ஆர்வமா விளக்கினார். அங்கே ரெண்டு வகை அதிகமா விக்குதாம். ஒன்னு, நாலு பக்கச் சுவரையும் நடுவுல பிடிச்சு வெளியே இழுத்தா விறைச்சு நிக்கிற வகை. இன்னொன்னு, பனியில் இழுத்துட்டுப் போற தட்டு வண்டியோடயே சேர்ந்தது. வண்டியிலேயே நாற்காலி இருக்கும். உட்கார்ந்துக்கிட்டு, பின்னாடி மடிஞ்சு கிடக்கிற துணியைத் தலைக்கு மேல இழுத்து முன்னாடி விட்டா மூடிக்கும், குழந்தைத் தள்ளுவண்டி மூடி மாதிரி. தனியா போறவருக்கு இது சௌகரியமாம், ஆனா உட்காரத்தான் முடியும், எழுந்து நிமிர்ந்து நிக்க முடியாது.

எதைப் பார்த்து வாங்குவீங்க தம்பி என்று கேட்டோம். கடையில் விரிச்சு வைக்கச் சொல்லி, குளிர் உடுப்பு எல்லாம் போட்டுக்கிட்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பாராம். கை நீட்டினா இடிக்குதா என்று பார்ப்பாராம். காத்துக்குப் பறக்காம இருக்க, பனிக்கட்டியில் திருகி இறக்குற ஆணி எத்தனை இருக்கு என்று எண்ணுவாராம். உள்ளே சின்ன ஹீட்டர் வைக்கிறதால மேல காத்து போக வழி இருக்கா என்று பார்ப்பாராம். அது இல்லாட்டி கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளே மயங்கிடலாம், உயிருக்கே ஆபத்து. பனிக்கட்டி நாலு அங்குலம் கூட இல்லாட்டி அதுமேல கால் வைக்கவே கூடாது என்பது வேற கணக்கு. பிறகு ஒரு விஷயம் சொன்னார். துணி வெளிச்சம் புகாத கருப்பா இருக்கணுமாம். உள்ளே நல்லா இருட்டினாத்தான் ஓட்டை வழியா தண்ணிக்குள்ள மீன் வர்றது தெரியுமாம்.

எங்களுக்கு அப்போதான் உறைச்சுச்சு. அந்தத் தம்பி எல்லாத்தையும் சரியாப் பார்த்து வாங்கினதுக்குக் காரணம் ஒன்னுதான். தூக்கிட்டுப் போறதும் அவர், விரிக்கிறதும் அவர், உள்ளே உட்காரப் போறதும் அவரேதான். நம்ம டெண்டில் தூக்குறது நாங்க, உள்ளே நிக்கிறது பெண்கள். தூக்குறவன் எடையைப் பார்த்தான், விலையைப் பார்த்தான். உள்ளே நிக்கிறவங்க என்ன பார்ப்பாங்க என்று யாரும் கேட்கவே இல்ல.

அதனால இந்த வருஷம் நாங்க ஒதுங்கிக்கிட்டோம். பெண்கள் அஞ்சு பேர் தேர்வு பண்ணட்டும், காசு கட்டுறதும் தூக்குறதும் மட்டும் எங்க வேலை என்று கூட்டத்தில் முடிவு எடுத்தோம். அவங்க மூனு மாதிரி டெண்டை இரவல் வாங்கிட்டு வந்து, ஒரு ராத்திரி கோயில் மண்டபத்தில் எல்லா விளக்கையும் அணைச்சுட்டுச் சோதிச்சாங்க. ஆண்களுக்கு அன்னைக்கு மண்டபத்தில் அனுமதி இல்ல. நாங்க வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரிச்சோம். அவங்க சொன்னதை அப்படியே கீழே தர்றோம். வேற கோயில் குழுக்கள் வாங்கிறதா இருந்தாலும் உதவும்.

முதல்ல நிழல். டெண்டுக்குள்ள ஒருத்தர் நிக்கணும், உள்ளே டார்ச் அடிக்கணும், மத்தவங்க நாலு பக்கமும் சுத்திப் பார்க்கணும். வெளிர் நிறத் துணி எல்லாம் தோத்துப் போச்சு. கருநீலத் துணியில், உள்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு போட்டது ஒன்னுதான் தேறுச்சு. வாங்கும்போது பகலில் வெயிலுக்கு நேரா துணியைப் பிடிச்சு, பின்னாடி கையை ஆட்டிப் பாருங்க. கை தெரிஞ்சா வேணாம்.

ரெண்டாவது உயரமும் அகலமும். கடையில் விக்கிறது பெரும்பாலும் அடிப்பக்கம் நாலடிக்கு நாலடி, உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் மேல. பேண்ட் சட்டை மாத்த இது தாராளம். சேலை கட்ட? கொசுவம் வைக்கும்போது முழங்கை ரெண்டு பக்கமும் போகும். ஒரு அக்கா ஒவ்வொரு டெண்டிலும் முழுச் சேலையைக் கட்டி அவிழ்த்துப் பார்த்தாங்க. மேல போகப் போகக் குறுகுற கூம்பு மாதிரி டெண்ட் சரிவரல. சுவர் நேரா நிக்கிறதுதான் வசதி.

மூனாவது தரை. சிலதுக்குத் தரைத்துணி தைச்சே வருது. கேட்க நல்லாருக்கும். ஆனா பத்து பேர் ஈரத்தோட வந்து போனா அது குட்டையாகிடும், மணலும் தண்ணியும் சேர்ந்து சேறு. தரை இல்லாததை வாங்கி, கீழே ஓட்டை ஓட்டையா இருக்கிற ரப்பர் பாய் ஒன்னைப் போட்டா தண்ணி வடிஞ்சிடும். வயசானவங்களுக்கு வழுக்காது.

நாலாவது காத்து. மூடின டெண்டுக்குள்ள ஒன்பது மணிக்கு மேல வேகும். கண்ணுக்கு மேல உயரத்தில் வலை வச்ச ஜன்னல் இருக்கணும், அதுவும் எதிர் எதிரா ரெண்டு. இடுப்பளவில் ஜன்னல் வச்சது ஒன்னைப் பார்த்தாங்களாம். யார் யோசிச்சு வச்சாங்களோ, தெரியல.

அஞ்சாவது ஜிப்பு. உள்ளேயும் வெளியேயும் ரெண்டு பக்கமும் திறக்கிற ஜிப்பா இருக்கணும். யாருக்காவது உள்ளே தலை சுத்தினா வெளியே இருந்து திறக்க முடியணும். ஆனா வாசலில் ஒரு பெண் தொண்டர் எப்பவும் நிக்கணும், இல்லாட்டி அந்த வசதியே ஆபத்து. சின்னப் பிள்ளைங்க ஜிப்பை இழுத்து விளையாடும், உங்களுக்குத் தெரியாததா.

ஆறாவது தொங்க விடுற கொக்கி. நனைஞ்ச சேலைக்கு ஒரு பக்கம், மாத்துத் துணிக்கு ஒரு பக்கம், தாலிச் சங்கிலி கண்ணாடி வைக்க ஒரு சின்னப் பை. நாங்க நாலு பேரும் சேர்ந்து நூறு வருஷம் யோசிச்சிருந்தாலும் இது எங்க மண்டைக்கு எட்டியிருக்காது.

இனி நிறுத்துறது. இது எங்க வேலை, இதில் நாங்க தேறிட்டோம். டெண்டோட வர்ற கம்பி ஆணி மணலில் நிக்காது, இழுத்தா வந்துடும். அரிசிப் பையில் மணலை ரொப்பி, கயித்தைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைச்சு மிதிச்சிடணும். நாலு மூலைக்கும் நாலு பை. விடியக் காலையில் காத்து சாதுவா இருக்கும், வெயில் ஏற ஏறக் கடலில் இருந்து அடிக்க ஆரம்பிக்கும். அதனால கடல் பக்கக் கயித்தை முதல்ல கட்டிட்டு, வாசலைக் கரைப் பக்கமா வைக்கணும்.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமா ஏறும், அதே மாதிரி அதிகமா வத்தும். வந்து இறங்கும்போது தண்ணி ரொம்ப தூரத்தில் இருக்கேன்னு கிட்ட போய் டெண்ட் போட்டா, பூசை முடியுறதுக்குள்ள அலை வந்து நிக்கும். மணலில் குப்பையும் சருகும் கோடு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் பாருங்க, போன தடவை தண்ணி ஏறின அடையாளம் அது. அந்தக் கோட்டுக்கு மேலதான் போடணும்.

இப்போ கணக்கு. புது டெண்ட் ஒன்னு 140 வெள்ளி, ரெண்டு வாங்கியாச்சு. ரப்பர் பாய், கயிறு, கொக்கி எல்லாம் சேர்த்து 65 வெள்ளி. மொத்தம் 345 வெள்ளி, முழுசும் ஒரு குடும்பத்தோட உபயம், பேர் போட வேணாம் என்று சொல்லிட்டாங்க. அம்மன் அவங்களுக்கு எல்லா நலனும் கொடுக்கட்டும். பழைய நீல டெண்டை இனி செருப்புப் பை வைக்க மட்டும் பயன்படுத்துவோம்.

இந்த வருஷ ஏற்பாடு இதுதான். டெண்டுக்குள்ள விளக்கு கிடையாது. வெளியே, பத்தடி தள்ளி ஒரு விளக்கு, அந்த வெளிச்சம் வழி காட்ட மட்டும். டெண்ட் பக்கம் பெண் தொண்டர்கள் மட்டும் நிப்பாங்க. ஆம்பளைங்க வரிசை அந்தப் பக்கமே வராது, பூசை மேடைக்கு மறுபக்கம் போகும். கைபேசியில் படம் எடுக்கிறவங்க அந்தப் பக்கம் திரும்பவே வேணாம், கையெடுத்துக் கேட்டுக்கிறோம். வயசானவங்களுக்கும் கைக்குழந்தை வச்சிருக்கவங்களுக்கும் முதல் இடம். திரும்பி வந்ததும் ரெண்டு டெண்டையும் கோயில் பைப்பில் நல்ல தண்ணி விட்டு அலசி, நிழலில் காய வச்சுத்தான் மடிக்கணும். உப்பு இருந்தா ஜிப்பு ஒரே வருஷத்தில் பிடிச்சுக்கும்.

பாட்டியைப் பத்திக் கேட்பீங்க. மண்டபத்தில் சோதனை நடந்த ராத்திரி அவங்களும் வந்திருந்தாங்க. யாரும் கூப்பிடல, தானாத்தான் வந்தாங்க. எல்லாரும் முடிச்ச பிறகு, தேறின டெண்டுக்குள்ள போய் ஜிப்பை இழுத்து மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னாங்களாம். உள்ளே டார்ச்சைப் போடச் சொல்லி, “தெரியுதா, தெரியுதா”ன்னு சத்தமா கேட்டாங்களாம். “ஒன்னும் தெரியல பாட்டி”ன்னு பொண்ணுங்க சொல்லியிருக்காங்க. வெளியே வந்து, இறங்குறேன்னும் சொல்லல, இறங்கலன்னும் சொல்லல. எங்ககிட்ட வந்து ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

“அந்தக் கொக்கிய கொஞ்சம் கீழ இறக்கி வைங்கய்யா. எனக்கு எட்டல.”

மறுநாளே ஒரு சாண் கீழே இறக்கி வச்சுட்டோம்.

டெண்டு வாசலில் மாறி மாறி நிக்க இன்னும் நாலு பெண் தொண்டர்கள் வேணும். ஒருத்தருக்கு அரை மணி நேரம் போதும். விருப்பம் உள்ளவங்க வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது பேர் கொடுங்க. கடற்கரையில் பார்ப்போம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.